இறக்கி ஏற்றுவது

மெக்கானிக் ஷெட்டுகளில் யாரும் 'ரீபில்ட்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கியர்பாக்ஸை இறக்கணும்" என்பார்கள். "இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார்கள். வேலை முடிந்ததும் "ஏத்தியாச்சு". ஒரு தொழில் முழுக்க இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் நடக்கிறது. சுமைதாங்கிக் கல்லில் தலைச்சுமையை இறக்குவது, பனையிலிருந்து பதநீர் இறக்குவது, தேரிலிருந்து சாமியை இறக்குவது என்று நம்மிடம் முன்பே இருந்த சொல்தான். இன்ஜின் வந்தபோது அதற்கும் இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

இறக்குவது என்ற வேலையே இல்லாத ஓர் இடத்தில் மூன்று வருடம் இருந்த பிறகுதான் இந்தச் சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் லைனில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். விடியற்காலையில் வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறினால் படப்பை ரோடு, வல்லம் ரோடு, சிங்கப்பெருமாள்கோவில் ரோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அதே மாதிரி பஸ்கள் ஒரகடம் மேம்பாலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும். என் வேலை, கியர்பாக்ஸின் இரண்டு பாதிக் கூடுகளையும் சேர்த்து போல்ட்டுகளை முறுக்குவது. முறுக்கியது நானில்லை, மேலிருந்து தொங்கும் மின்சார நட்ரன்னர். அதைப் பிடித்து போல்ட்டின் தலையில் உட்கார வைத்தால் போதும். எவ்வளவு விசை, எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதற்கே தெரியும். சரியாக இறுகினால் பச்சை விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் அந்தக் கியர்பாக்ஸ் தனியாக ஒதுங்கி ரீவொர்க் அறைக்குப் போய்விடும். அந்த அறைக்குள் எங்களை விட்டதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படிச் செய்வதால்தான் ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் கார் கிடைக்கிறது, முதல் கார் மாதிரியே லட்சமாவது காரும் ஓடுகிறது. ஆனால் எத்தனையோ ஆயிரம் கியர்பாக்ஸ்களை மூடிய என் கை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. பயிற்சிக் காலம் முடிந்து வெளியே வந்த அன்று, ஒரு போல்ட் இறுகும்போது கைக்கு எப்படித் தெரியும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொண்டது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குப் பின்னாலிருக்கும் ஒரு கிராமத்தில், நாலு தூண், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை கொண்ட ஒரு ஷெட்டில். ஷெட்டை நடத்துகிற அண்ணன் பையனாக இருந்தபோதே சோழவரத்தில் பந்தயக் கார்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர். எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார், தன்னைவிட மூத்தவரையும்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் போக ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிறு அங்கே நின்றது ஒரு பழைய ஸ்விஃப்ட். 2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை, 1.3 லிட்டர் பெட்ரோல், 87 குதிரைச்சக்தி. பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்காக ஒருவர் வாங்கிப் போட்டிருந்தார். மூன்றாவது கியர் உட்காரவில்லை. நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது கரகரவென்று கத்தியது.

அண்ணன் முதலில் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தார். அந்த வாடையை இன்றைக்கும் மறக்க முடியாது. கந்தகமும் கருகிய எண்ணெயும் கலந்த, மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். கியர் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று நசுங்கித் தேயாமலிருக்க அந்த ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்திருப்பார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு, "யாரோ ஜி.எல்-5 ஊத்திருக்கான். கெட்டியா இருந்தா நல்லதுன்னு நெனச்சிருப்பான்" என்றார். இந்த மாதிரி கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4 போதும். ஐந்தில் கந்தகச் சேர்க்கை அதிகம். எஃகுக்கு அது பாதுகாப்பு, பித்தளைக்கு அதுவே அரிப்பு. உள்ளே பித்தளை ரிங்குகள் இருக்கின்றன என்பதை ஊற்றியவர் யோசிக்கவில்லை.

டிரெய்ன் போல்ட்டின் நுனியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். ஆயிலில் மிதக்கும் இரும்புத் துகள்களையெல்லாம் அது பிடித்து வைத்திருக்கும். அண்ணன் அதை என் ஆள்காட்டி விரலில் தேய்த்தார். "கட்டை விரலால உருட்டிப் பாரு. மை மாதிரி வழவழன்னு இருந்தா வயசு. ஊசி மாதிரி குத்துனா வியாதி." குத்தியது.

கூட்டைப் பிரித்து, ஷாஃப்ட்டை எடுத்து, மூன்றாவது கியரின் சிங்க்ரனைசர் ரிங்கைக் கையில் கொடுத்தார். லைனில் இந்த ரிங்கை நான் பார்த்ததே இல்லை. எனக்கு முந்தைய ஸ்டேஷனிலேயே அது உள்ளே போய் மறைந்திருக்கும். மோதிரத்தைவிடப் பெரிய, வளையலைவிடச் சிறிய பித்தளை வளையம். உட்புறம் கூம்பு வடிவம். அந்தக் கூம்பு முழுக்க நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மெல்லிய வரிகள். கியர் மாற்றும்போது இந்த வளையம் வேறு வேகத்தில் சுழலும் கியரின் கூம்பின் மேல் போய் அழுந்தி, உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே பற்கள் ஒன்றோடொன்று கோக்கும். நடுவில் ஆயில் படலம் இருந்தால் உரசாது, வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் படலத்தை வழித்து வெளியேற்றத்தான் வரிகள். இந்த ரிங்கில் வரிகளின் முனை தேய்ந்து தட்டையாகியிருந்தது. மழித்த கன்னம் மாதிரி பளபளவென்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்றேன்.

"பளபளப்புதாண்டா நோயி" என்றார்.

ரிங்கைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்தி, இரண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கச் சொன்னார். புது ரிங்கில் நன்றாக நுழைகிற தகடு இதில் நுழையவே இல்லை. அந்த இடைவெளி ஒழிந்துபோனால் ரிங்கின் ஆயுளும் ஒழிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, மூன்று வருடம் நான் இரும்பைச் சேர்த்து மூடியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், மூடியதெல்லாம் இடைவெளிகளை. கியர்பாக்ஸ் என்பது அளந்து வைத்த வெற்றிடங்களின் பெட்டி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே கொஞ்சம். ஷாஃப்ட்டின் முனையில் வைக்கும் ஷிம் என்ற எஃகு வளையத்தின் கனம் ஒரு தலைமுடி அளவு மாறினால் முழுப் பெட்டியின் குணமும் மாறிவிடும்.

அந்த ஷிம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூடு அலுமினியம், ஷாஃப்ட் எஃகு. சூடேறினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். 200 மில்லிமீட்டர் நீளத்துக்கு 80 டிகிரி சூடு கூடினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.17 மில்லிமீட்டருக்கு மேல் வரும். குளிர்ந்திருக்கும்போது சரியாக உட்கார்ந்த ஷாஃப்ட், பதினைந்து லேப் ஓடிய பிறகு கூட்டுக்குள் ஆட ஆரம்பிக்கும். அதனால் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் இறுக்கம் கொடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு என்பது, கார் எங்கே, எந்த மாதத்தில், எப்படி ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. மே மாதத்து ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் பந்தயம் ஓடப்போகும் பெட்டியை மூடுகிறவர் அந்த வெயிலையும் அளந்துதான் உள்ளே வைக்கிறார்.

சின்னக் கார்களில் இந்த வேலை இவ்வளவு நுணுக்கமாவதற்கு அவற்றின் அமைப்பே காரணம். 1959-ல் வந்த மினியில் அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார். 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் தாந்தே ஜாகோசா இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வரிசையில் நிறுத்தினார். இன்று நம் தெருவில் நிற்கும் ஹேட்ச்பேக்குகள் ஏறக்குறைய எல்லாமே ஜாகோசாவின் வாரிசுகள்தான். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் அதே கூட்டுக்குள் இருக்கிறது. அம்பாசிடரில் தனித்தனி வீடுகளில் இருந்தவர்கள் இங்கே ஒண்டுக் குடித்தனம். ஒருவர் வீட்டில் உடைந்தால் சில்லு அடுத்தவர் வீட்டுக்குள் போய் விழும்.

இந்தச் சின்னக் கார்களை வேகமாக்கும் ஆசைக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். 1961-ல் மினி கூப்பர். 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று தொடங்கிய அந்த முதல் தலைமுறை நாலரை லட்சத்தைத் தாண்டியது. நம் நாட்டில் கம்பெனியிலிருந்தே வேகமாக, அதாவது 'சூடாக' வந்த ஹேட்ச்பேக்குகள் கொஞ்சம்தான். 2015-ல் 145 குதிரைச்சக்தியுடன் அபார்த் புண்டோ, 2016-ல் 99 கார்கள் மட்டும் இறக்குமதியான போலோ ஜி.டி.ஐ., 2017-ல் பலேனோ ஆர்.எஸ். ஜி.டி.ஐ.யின் விலை 25 லட்சத்துக்கு மேல். வாங்க முடியாதவர்கள் கையிலிருந்த காரை இறக்கினார்கள்.

இருங்காட்டுக்கோட்டைக்கு இதில் ஒரு விசேஷமான இடம் உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பல வருடம் பந்தயம் நடத்திவிட்டு, 1990-ல் இங்கே 3.7 கிலோமீட்டரில் தனக்கென்று ஒரு தடம் அமைத்தது. ஹூண்டாய் வந்தது அதற்குப் பிறகு, 1996-ல். 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே இங்கே இன்ஜின்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காலையில் அந்தப் பஸ்களில் வருகிற பையன்களில் பலர் அறியமாட்டார்கள். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800-ன் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக உருவாக்கியதுதான் ஃபார்முலா மாருதி. பால் வாங்கப் போகிற காரின் இன்ஜின் அது. நரேன் கார்த்திகேயன் ஓட்டிய முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், அந்தக் காரில்தான்; அன்றைக்கே மேடையேறினார். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானபோது எங்கள் அண்ணன் ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இன்று அதே இருங்காட்டுக்கோட்டையில் ஐ20 என் லைன் தயாராகிறது. மூன்று சிலிண்டர், 998 சி.சி., டர்போ, 120 குதிரைச்சக்தி. 2021-ல் வந்தது. பந்தய நாட்களில், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளிக்குத் தடத்தின் சத்தம் கேட்கும். அவர் பூட்டிய பொருள் எதற்கு ஆசைப்படுகிறது என்பதை அந்தச் சத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சத்தத்தில் ஒரு ஊளை தனியாகக் கேட்கும். அது இன்ஜினுடையதல்ல, நேர்ப்பல் கியருடையது. வீட்டுக் காரில் கியர் பற்களைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். சாய்ந்த பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோத்துக்கொள்வதால் சத்தமில்லை. ஆனால் சாய்வின் காரணமாக ஒவ்வொரு கியரும் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளலையெல்லாம் பேரிங்கும் கூடும் தாங்க வேண்டும். பந்தயத்தில் சத்தத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்பதால் பற்களை நேராக வெட்டிவிடுகிறார்கள். பக்கத் தள்ளல் ஒழிகிறது, ஊளை பிறக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்தக் காரில் என்ன பெட்டி என்று அண்ணன் சொல்லிவிடுவார்.

கியர்பாக்ஸ் வேலை முடிந்த பிறகு அந்த ஸ்விஃப்ட்டின் இன்ஜினும் இறங்கியது. 74 மில்லிமீட்டர் போர், 75.5 ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர். ஒவ்வொன்றும் ஒரு மூச்சுக்கு 324 சி.சி. இழுக்கும். 6500 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 108 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, பிறகு கனெக்டிங் ராட் அதைக் கீழே இழுக்கிறது. சொந்தக்காரர் 7500 சுற்று வேண்டும் என்றார். பதினைந்து சதவீதம்தானே கூடுகிறது என்று நினைத்தேன். அண்ணன் ஷெட் மூலையில் கிடந்த, அவர் உட்காரும் முக்காலியைக் காட்டினார். அது முக்காலியில்லை, ஒரு பழைய இன்ஜின் பிளாக். பக்கவாட்டில் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. "ராட் வெளிய வந்துருச்சு" என்றார். சுற்றுகள் கூடினால் ராடின் மேல் விழும் இழுவை அதன் வர்க்கமாகக் கூடும். 6500-லிருந்து 7500 என்றால் இழுவை மூன்றில் ஒரு பங்கு அதிகம். டிப்ளமோவில் இந்தச் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த ஓட்டைக்குள் கையை விட்டபோதுதான் படித்தேன்.

அந்த ராட் ஏன் உடைந்தது என்றும் சொன்னார். கழற்றிய போல்ட்டுகளையே மறுபடி போட்டிருக்கிறார்கள். இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. சில போல்ட்டுகளை அப்படித் திரும்பச் சுருங்கக்கூடிய எல்லையைத் தாண்டி, நிரந்தரமாக நீளும் இடம்வரை இறுக்க வேண்டும் என்றே வடிவமைத்திருப்பார்கள். அவை ஒரு தடவைக்குத்தான். அன்று ஒரு பழைய ஹெட் போல்ட்டை வைஸில் கட்டிய இரும்புத் துண்டில் போட்டு என்னை முறுக்கச் சொன்னார். ஏறியது, ஏறியது, கையில் எதிர்ப்பு கூடிக்கொண்டே போனது. திடீரென்று எதிர்ப்பு கூடுவது நின்றுபோனது. ஸ்பேனர் நகர்கிறது, கைக்குப் பாரம் ஏறவில்லை. வெண்ணெயில் ஏதோ திரும்புகிற மாதிரி. "அங்கதான் அது விட்டுக்குடுக்குது" என்றார் அண்ணன். பச்சை விளக்குக்குப் பின்னால் மூன்று வருடம் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

பிறகு பிஸ்டன் ரிங்குகள். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்கி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். இந்த அளவு போருக்கு, டர்போ இல்லாத இன்ஜினில், 0.30 மில்லிமீட்டர் சுற்றி வரும். டர்போ வைத்தால் சூடு கூடும், ரிங் இன்னும் விரியும், அதனால் இடைவெளியை அதிகமாக விட வேண்டும். விடாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும், ரிங்கும் அதைத் தாங்கும் பிஸ்டனின் விளிம்பும் பெயரும். சின்ன அரத்தால் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்பக்கமாக, இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே விட்டு அளக்க வேண்டும். மறுபடி இரண்டு இழுப்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் ரிங் தனி, இடம் மாறக் கூடாது. நாலு சிலிண்டருக்கும் முடிக்க எனக்கு ஒரு பகல் முழுதும் ஆனது. ஷெட் வாசலில் வேப்பமர நிழல் மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்துவிட்டிருந்தது. அந்த ஒரு நாளில் கற்ற அளவுக்கு நான் எந்த வருடத்திலும் கற்றதில்லை.

ஹெட்டை லேசாகச் சீவினால் அழுத்தம் கூடும், சக்தி கூடும். கொஞ்சம் அதிகம் சீவிவிட்டால் பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல், பொறியின் தீ வந்து சேர்வதற்கு முன்பே தானாக வெடிக்க ஆரம்பிக்கும். உள்ளே சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். ஹெட் கீழே இறங்கியதால் டைமிங் பெல்ட்டின் கணக்கும் நூலிழை பிசகும், அதையும் சரிக்கட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்று அசைகிறது.

இன்ஜினைப் பலமாக்குகிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். நான் பார்த்தவரை நாம் செய்வது, உடையும் இடத்தை நகர்த்துவதுதான். கம்பெனியிலிருந்து வரும் காரில் பெரும்பாலும் முதலில் வழுக்குவது கிளட்ச். அது மலிவு, மாற்றுவதும் சுலபம். சக்தியைக் கூட்டியவர் கிளட்ச் வழுக்குகிறது என்று பலமான கிளட்ச் போடுகிறார். இப்போது அந்த அதிர்ச்சி மூன்றாவது கியரின் பல்லுக்குப் போகிறது. கியரை மாற்றினால் டிஃபரென்ஷியலின் பின்னுக்கு, அதை மாற்றினால் டிரைவ் ஷாஃப்ட்டுக்கு, பிறகு இன்ஜின் மவுண்டுகளுக்கு. கிளட்ச் வழுக்கியது என்பது அந்தக் காரை வடிவமைத்தவர் நமக்காக விட்டுவைத்த பலவீனம். ஏரிக்குக் கலங்கல் மாதிரி. மிஞ்சிய தண்ணீர் அங்கே வழிந்தால் கரை பிழைக்கும். கலங்கலை அடைத்துவிட்டுக் கரையை உயர்த்துகிறவன் எங்கே உடைப்பு எடுக்கும் என்பதையும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அண்ணன் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்ளோ பவர் வேணும்" என்பதில்லை. "எது ஒடஞ்சா உங்களுக்குப் பரவால்ல?"

பதில் சொல்ல முடியாதவர்களின் காரை அவர் தொடுவதில்லை. நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடப்போகும் காரையும் தொடுவதில்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து காரை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்தது. எனக்கு அந்தச் சட்டத்தோடு பிணக்கு இல்லை. பெங்களூர் ரோட்டில் இரவு இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் கடக்கும் ஆளுக்கு, எதிரே வருகிற காரின் பிரேக் அதன் இன்ஜினுக்கு ஈடுகொடுக்குமா என்று யோசிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. தடம் இருப்பது அதற்குத்தான்.

எனக்குப் பிணக்கு உள்ளது மூடிய பெட்டிகளோடு. இப்போதைய சூடான ஹேட்ச்பேக்குகளில் பல இரட்டைக் கிளட்ச் தானியங்கிகள். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. 2008-ல் வந்தது. கிளட்சுகள் ஆயிலில் நனையாத வகை. இயந்திரமாக அது ஓர் அற்புதம், சந்தேகமே இல்லை. ஆனால் ஜெர்மனியில் பிறந்த அந்தப் பெட்டிக்குச் சூடும் புழுக்கமும் உள்ள நாடுகளில் தொந்தரவு வந்தது. 2013-ல் அந்தக் கம்பெனி உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸின் செயற்கை ஆயிலை வடித்துவிட்டுக் கனிம ஆயிலை ஊற்றியது. ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுகிற மாதிரி ஆயிலும் மாற வேண்டியிருந்தது. இதில் என்னைத் தொடுவது அந்தக் கோளாறு இல்லை, அது எல்லாப் பொருளுக்கும் வரும். கோளாறு வந்தால் உள்ளே எந்த ஒரு சின்னப் பாகம் போனது என்று பார்க்காமல், கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதையும் ஒரே பொருளாகக் கழற்றி வேறொன்றை மாட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கழற்றிய பெட்டியை யாரும் திறப்பதில்லை. அதன் நோய் என்ன என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாமலேயே அது போய்விடுகிறது.

ஒரகடம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை எத்தனை ஆயிரம் பையன்கள் கார் செய்கிறார்கள். அதில் எத்தனை பேர் ஒரு காரின் உட்புறத்தைப் பார்த்திருப்பார்கள்? ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உழைத்துச் சம்பாதித்து அதையே வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டித்தான் இயந்திரம் கற்றார். இங்கே அந்தப் பையன்களின் கை முன்னால் தினமும் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் கடந்து போகின்றன, ஒன்றையும் பிரிக்க அனுமதியில்லை. பக்கத்தில் மறைமலைநகரில் ஃபோர்டின் ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓட வைத்திருப்பவர்கள் அவற்றைப் பூட்டியவர்கள் இல்லை, இறக்கத் தெரிந்தவர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸைக் குலுக்கிப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும், பழுதான கியர்பாக்ஸும் இன்ஜினும் நிறைய அடுக்கி, யார் வேண்டுமானாலும் வந்து பிரித்துப் பார்க்க ஒரு கொட்டகை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நூலகம் மாதிரி. பெரிய செலவில்லை.

பிரித்துச் சேர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. கோயிலில் மூலவரைப் பீடத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருளை உரலில் மணிக்கணக்கில் இடித்துச் சேர்த்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே போகும் அந்தப் பசை காலப்போக்கில் இறுகி வெடிக்கும் என்று தெரிந்தே, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக இடுகிறார்கள். அதற்காக மூலவரின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, பாலாலயத்தில் தற்காலிகமாக இருத்தி, திருப்பணி முடிந்ததும் திரும்ப ஏற்றுகிறார்கள். சாமியையே இறக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டவர்கள், இணைப்புகள் தேயும் என்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. முறை வகுத்து, நாள் குறித்து, வேலை தெரிந்தவரை அழைத்துச் செய்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலைக் கடந்து அந்த ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ஸ்விஃப்ட் ஏறியது. புது பித்தளை ரிங்குகள், புது பேரிங்குகள், அளந்து போட்ட ஷிம்கள், ஜி.எல்-4 ஆயில். கூட்டின் போல்ட்டுகளை நானே டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். ஒவ்வொன்றும் இறுகியதும் அண்ணன் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். தடத்தில் முதல் நாள் மெதுவாகத்தான் ஓடவிட்டார்கள். நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும் வளைவில் சுவரோரம் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரகரப்பு இல்லை.

மாலையில் ஷெட்டில், இன்னும் சூடு ஆறாத ஆயிலை வடித்தோம். முதல் ஓட்டத்து ஆயிலை வைத்திருக்கக் கூடாது, புதுப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பழகும்போது உதிர்த்ததெல்லாம் அதில் இருக்கும். அண்ணன் டிரெய்ன் போல்ட்டை என்னிடம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். ஆள்காட்டி விரலில் எடுத்து, கட்டை விரலால் உருட்டிப் பார்த்தேன். மறுபடி ஒருமுறை, மெதுவாக. துணியில் துடைத்து, புது வாஷர் போட்டு, போல்ட்டைத் திரும்ப மாட்டினேன்.